மூன்று முறை எழுதிய வகுப்புப் பாட்டு

வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வகுப்பில் பாட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களிடம் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நான் நாலு பாட்டுப் பாடிக் காட்டுவேன், நீங்கள் செல்போனில் பதிவு செய்துகொள்வீர்கள், திங்கட்கிழமை வகுப்பில் அப்படியே பாடவைப்பீர்கள் என்று நினைத்திருப்பார்கள். அதிலும் தப்பில்லை. என் பாட்டுகள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன, போகும்போது நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது அதில் உள்ள ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மொத்தமே எட்டு வரி. அதை நான் மூன்று முறை எழுத வேண்டி வந்தது.

ஆவடியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனி. வண்டிகளுக்கான சின்னச் சின்ன ரப்பர் பாகங்கள் செய்கிற இடம். இந்தி தெரிந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்தவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். லைனில் நின்றவர்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். யாருக்கு யார் சொல்வதும் புரியவில்லை. சாடை காட்டியே ஒரு மாதம் வேலை நடந்ததாம். வாரத்தில் மூன்று நாள், முதல் ஷிஃப்ட் முடிந்ததும் நாலு மணிக்குக் கேன்டீனில் ஒரு மணி நேரம் வகுப்பு என்று ஏற்பாடாயிற்று. நான் திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்துப் போவேன்.

முதல் இரண்டு வாரம் கரும்பலகையை வைத்துக்கொண்டு முயன்றேன். ‘இது மேசை, அது நாற்காலி.’ எட்டு மணி நேரம் சூட்டில் நின்றுவிட்டு வந்தவர்கள் எத்தனை நேரம்தான் மேசையைப் பார்ப்பார்கள்? மூன்றாவது வரிசை முழுக்கத் தூங்கியது. நான் எழுப்பவில்லை, எழுப்ப மனசு வரவில்லை.

எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். என் குரலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்த ஒரே ஆள். அவர் ஒருமுறை சொன்னார், நன்றாகப் பாடுகிற டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், மோசமாகப் பாடுகிற டீச்சர் வகுப்பில்தான் பிள்ளைகள் பாடுவார்கள் என்று. என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதோ என்னவோ, அந்தக் கேன்டீனில் எனக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது வாரம் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி வைத்துத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தேன். ராத்திரியெல்லாம் யோசித்து எழுதியதில்லை, ரயிலில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் எழுதியது.

வா வா வந்து நில்லு
நில்லு நில்லு பாத்து நில்லு
தூக்கு தூக்கு சேத்துத் தூக்கு
வை வை கீழ வை

இன்னும் நாலு வரி. ‘நிறுத்து நிறுத்து, கைய எடு’ என்று முடியும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு செய்கை. வா என்றால் கையசைக்க வேண்டும், நில்லு என்றால் உறைய வேண்டும். தூங்கிய வரிசை எழுந்து நின்றது. இருபத்தாறு பேரும் தட்டைத் தட்டினார்கள். என் குரலுக்கு முன்னால் யாருக்கும் வெட்கமில்லாமல் போயிற்று.

ஒரு மாதத்தில் லைனிலேயே பாடிக்கொண்டு வேலை செய்தார்கள். உற்சாகத்தில் நான் பஸ்ஸுக்கு ஒரு பாட்டு, மருந்துக் கடைக்கு ஒரு பாட்டு என்று எழுதித் தள்ளினேன். பிஜய் என்று ஜார்க்கண்ட் பையன், வகுப்பிலேயே கெட்டிக்காரன், பக்கத்து ஊரான பாடியில் பஸ் நிறுத்தத்தில் கண்டக்டரிடம் ‘இந்த பஸ்ஸு எங்க போவுது’ என்று கேட்கப் போய், நடுவரி ஞாபகம் வராமல், முதலிலிருந்து முழுப் பாட்டையும் பாடிக் காட்டியிருக்கிறான். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டிக்கெட் கொடுத்தாராம். வகுப்பில் அவன் அதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். நானும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு டீச்சர் அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் முருகேசன் நின்றிருந்தார். லைன் சூப்பர்வைசர், ஐம்பது வயசு, பாடிக்காரர், அந்தக் கம்பெனியிலேயே ஹெல்ப்பராகச் சேர்ந்து மேலே வந்தவர். முந்தின நாள் ஒரு பெட்டியைத் தூக்க ஆள் தேவைப்பட்டபோது, மமதா என்கிற ஒடிசாப் பெண் அவரைப் பார்த்து எல்லார் எதிரிலும், ‘வா வா, வந்து நில்லு’ என்று கூப்பிட்டிருக்கிறாள். நம்மூர்ப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததோடு நிற்கவில்லை. டீ இடைவேளையில் அவர் பின்னாலேயே ‘வா வா வந்து நில்லு’ என்று பாடியிருக்கிறார்கள்.

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“எனக்கும் ரெண்டு பொண்ணு கீது மேடம். பெரியதுக்கு இந்தப் பொண்ணு வயசுதான் ஆவுது. அது என்னாண்ட இப்டி பேசாது.”

மமதாவை வரவழைத்தார்கள். இருபத்து நாலு வயசு. ஒல்லியான உருவம். என்ன விஷயம் என்றே அவளுக்குப் புரியவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த வார்த்தை, ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறாள், பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வந்தவள் போலச் சிரித்துக்கொண்டே வந்தாள். பிஜய் இந்தியில் எடுத்துச் சொன்னான். அவள் மொழியிலும் பெரியவர்களுக்கு ஒரு பேச்சு, சின்னவர்களுக்கு ஒரு பேச்சு உண்டு. அதனால் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் லைனில் எல்லார் முன்னாலும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். அவள் கேட்டாள். ‘அண்ணா, தப்பு, மன்னிங்க’ என்று மூன்றே வார்த்தை. முருகேசனுக்கே சங்கடமாகிவிட்டது, ‘சரி போம்மா’ என்று அனுப்பிவிட்டார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அந்தத் தப்பு அவளுடையது இல்லை, ஏவல் வினையை மட்டும் சொல்லிக்கொடுத்து மரியாதைச் சொல்லை விட்டுவிட்ட நான்தான் காரணம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இருபத்தெட்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. வகுப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். பாட்டின் மேல் எனக்கு இருந்த பெருமையும் வாயைக் கட்டியது. இதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். நம்மிடம் கற்றுக்கொண்டவர்கள் நாம் கொடுத்த வார்த்தையோடு வெளியே போய் அடிபடுவார்கள். அப்போது பக்கத்தில் போய் நிற்க வேண்டியது நாம்தான்.

வாயால் சொல்லாததைப் பாட்டில் ஈடுகட்டப் பார்த்தேன். அன்றைக்கே திருத்தி எழுதினேன். ‘வாங்க வாங்க, வந்து நில்லுங்க. நில்லுங்க நில்லுங்க, பாத்து நில்லுங்க.’ வரி நீண்டுவிட்டதால் மெட்டையும் மாற்றினேன், கொஞ்சம் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடும்படி ஆகிவிட்டது. அதோடு ஒரு விதி வைத்தேன். வகுப்பில் யார் ‘ங்க’ போடாமல் பேசினாலும் எழுந்து முதல் வரியிலிருந்து முழுப் பாட்டையும் பாட வேண்டும். அவர்களும் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் ‘ங்க’ போடாத ஆளே இல்லை. கேட்டில் படுத்திருக்கும் நாயைக்கூட ‘போங்க, அந்தப் பக்கம் போங்க’ என்றுதான் விரட்டினார்கள். மேனேஜருக்குத் திருப்தி. முருகேசன் சில நாள் வகுப்பு நேரத்தில் கேன்டீனுக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார், தாளம் போடுவார். பழைய கசப்பு தீர்ந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மமதா மட்டும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேசினாலும் ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். கவனமாகப் பேசுகிறாள் என்று அவளை வகுப்பில் உதாரணம் காட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் வழக்கத்தைவிட முன்னாலேயே போய்விட்டேன். கேன்டீனுக்குப் போக வேலைத்தளத்தின் ஓரமாக மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே நடக்க வேண்டும். நடுவில் மில் இருக்கும். இரண்டு பெரிய இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழலும், ரப்பரை நடுவில் விட்டு நசுக்கிக் கலப்பார்கள். தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு, இழுத்தால் உருளைகள் நின்றுவிடும். பிஜய்தான் மில்லில் நின்றான். முருகேசன் கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரியான வெயில் காலம். கழுத்தில் ஒரு துண்டு போட்டிருந்தார். வேலைத்தளத்தில் துண்டு போடக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவர் அவர்தான்.

துண்டின் ஒரு நுனி நழுவி உருளைகளுக்கு மேல் தொங்கியது. பிஜய் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. எதிர் மேசையில் ரப்பர் ஷீட் வெட்டிக்கொண்டிருந்த மமதாவுக்குத் தெரிந்தது. அவள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறந்தாள். மூடினாள். உதடுகள் அசைந்தன, ஒன்று, இரண்டு, மூன்று முறை. நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்க்கவில்லை. பிறகு அந்த இரைச்சலில் யார் காதிலும் விழாத குரலில் “அண்ணா, நில்லுங்க” என்றாள்.

துண்டு உள்ளே போயிற்று. முருகேசன் தலை வெடுக்கென்று கீழே இழுபட்டது. துண்டைப் பிடுங்க அவர் இடது கையை நீட்டினார்.

நான் கத்தினேன். வகுப்பறையின் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்திப் பழகிய தொண்டை. “டேய், நிறுத்து!” ‘ங்க’வும் இல்லை ஒன்றும் இல்லை. பிஜய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கை மேலே போய்க் கயிற்றை இழுத்துவிட்டது. உருளைகள் நின்றன.

உயிருக்கு ஒன்றும் இல்லை. கழுத்தில் காயம். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணு வரை போய்விட்டன. துணி சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் உடன் போனேன். வழியெல்லாம் அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை, வீட்டில் சொல்ல வேண்டாம், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை விசாரணை. மேனேஜர், கான்ட்ராக்டரின் ஆள், நான், பிஜய், மமதா. துண்டு போட்டது சூப்பர்வைசரின் தப்பு என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் எதிரில் நின்ற பெண் பார்த்திருக்கிறாள், ஏன் கத்தவில்லை என்ற கேள்வி வந்தது. பழைய மன்னிப்பு விவகாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. மனசில் வஞ்சம் வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டாள் என்று தளத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டரின் ஆள், ஊருக்கு அனுப்பிவிடலாம் சார், வேறு ஆள் தருகிறேன் என்றார், பழுதான சாமானை மாற்றித் தருகிற மாதிரி.

மமதா என் பக்கம் திரும்பினாள். இந்திக்குப் போகாமல், பிஜய்யின் உதவி கேட்காமல், தமிழிலேயே சொன்னாள்.

“நில்லு வந்துச்சு டீச்சர். அது தப்புன்னு முழுங்கிட்டேன். அப்புறம் பாட்டு முதல்லேர்ந்து வந்துச்சு. வாங்க, வாங்க, வந்து… அதுக்கப்புறம்தான நில்லுங்க. அதுக்குள்ள துண்டு போயிடுச்சு.”

அவள் சொல்வது அங்கே மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பஸ் நிறுத்தத்தில் பிஜய் முழுப் பாட்டையும் பாடிய கதை அப்போதுதான் எனக்குச் சரியாக உறைத்தது. பாட்டில் கற்ற வார்த்தை தனியாக வராது, முன்னால் இருக்கிற வார்த்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நாலாவது வார்த்தை வேண்டுமென்றால் மூன்று வார்த்தை நடந்தாக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அது பரவாயில்லை.

இந்த முறை நான் வாயைத் திறந்தேன். முதலில் மரியாதை இல்லாமல் சொல்லிக்கொடுத்தது நான், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் நான்தான், அவளைக் கேட்க விட்டுவிட்டு வாய் மூடி நின்றேன் என்றேன். பிறகு ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது என்று அவளைப் பழக்கியதும் நான், நான் பழக்கியதைத்தான் அவள் செய்தாள், அவளை அனுப்புவதாக இருந்தால் காரணம் என்று என் பெயரை எழுதுங்கள் என்றேன். மேனேஜர் வெகு நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, என்ன முடிவு எடுப்பது என்று தெரியாத மனிதர். கடைசியில் மமதா இருக்கட்டும் என்றார். வகுப்பு வேண்டாம் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நிலையில் எனக்கே என் வகுப்பின் மேல் நம்பிக்கை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருகேசனைப் பார்க்கக் கிளம்பினேன். மமதா தானும் வருவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது, கூட்டிப்போகவும் தயக்கமாக இருந்தது. பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். மமதாவைப் பார்த்தார், யாரென்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். முருகேசன் கையில் பெரிய கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் அன்றைக்கு அவளைக் கைவிட்டுவிட்டது. நின்று அழுதாள். விசாரணையில் அவள் சொன்னதை நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன், பாட்டு முதலிலிருந்து வந்ததையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி சொன்னார்.

“துண்டு நான் போட்டது. அதுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ. அன்னிக்கி பசங்க சிரிச்சாங்கன்னு மேனேஜராண்ட போய் நின்னேன் பாரு, அதுதான் மனச அறுக்குது.”

மமதாவுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. உள்ளேயிருந்து அவர் மனைவி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். மூன்றாவதை மமதாவிடம் நீட்டி, உட்காரச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து முருகேசன் வேலைக்குத் திரும்பினார். திரும்பிய முதல் வாரமே மேனேஜரிடம் போய் வகுப்பை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்குப் போன் அவரே செய்தார். ஒரு நிபந்தனையோடு. பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கத்தவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்.

மூன்றாவது முறை எழுதினேன். மெட்டு அதேதான். வாங்க, உட்காருங்க, குடுங்க எல்லாம் பாட்டில் இருந்தன. நில்லு, நிறுத்து, கைய எடு, ஓடு, இந்த நாலையும் பாட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். இவற்றுக்கு மெட்டு கிடையாது, வரிசை கிடையாது, ‘ங்க’ கிடையாது. எல்லாரும் பாடிக்கொண்டிருக்கும்போது யார் வேண்டுமானாலும், எந்த இடத்தில் வேண்டுமானாலும் இந்த நாலில் ஒன்றைக் கத்திப் பாட்டை உடைக்கலாம். கத்தியவுடன் நான் உட்பட அத்தனை பேரும் உறைய வேண்டும். ஆபத்தில் மரியாதை பார்க்கக் கூடாது என்பதை இந்தியில் பிஜய்யை விட்டு மூன்று தடவை சொல்லவைத்தேன். சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

புரிந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து ‘நில்லு’ என்று கத்திக்கொண்டார்கள். என்னைப் பார்த்தும் சூப்பர்வைசரைப் பார்த்தும் கத்தச் சொன்னால் தானாகக் குரல் இறங்கி ‘நில்லுங்க’ ஆகிவிட்டது. நான்தானே பழக்கினேன். ஒரு பழக்கத்தை ஏற்றுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று, இறக்குவது அதைவிடக் கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

கடைசி பெஞ்சில் இருந்த முருகேசன் எழுந்து முன்னால் வந்தார். கேன்டீனின் ஒரு முனையில் சாம்பார் அண்டா வைக்கும் மேசை இருக்கும். அதை நோக்கித் தான் நடக்கப்போவதாகவும், மமதா நிறுத்தினால்தான் நிற்பேன் என்றும் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அவள் எழுந்து, “அண்ணா, நில்லுங்க” என்றாள். அவர் நிற்கவில்லை. மேசையில் இடித்துக்கொண்டார், சிலர் சிரித்தார்கள். இடுப்பைத் தடவிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து மறுபடி கண்ணை மூடினார். மறுபடியும் ‘நில்லுங்க’. மறுபடியும் இடித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு எழுந்து போய் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடலாம் போலிருந்தது. மமதாவுக்குப் பதிலாக நானே கத்திவிடலாம் என்றும் வாய் துடித்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று, சும்மா உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது முறை அவர் வேகமாக நடந்தார். விரல் போன கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். மேசைக்கு ஒரு முழம் இருக்கும்போது மமதா கத்தினாள். “நில்லு!” சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முருகேசன் அப்படியே நின்றார். கண்ணைத் திறந்து, கையை இறக்கி, “இது காதுல உழுது” என்றார். மமதா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு இருபத்தாறு பேரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அவரை நிறுத்தினார்கள். வகுப்பு ஆறு மணி வரை நீண்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் ஆபத்தே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஒருமுறை மேலிருந்து சரிந்த அட்டைப் பெட்டிகளுக்குக் கீழே மேனேஜரே நின்றிருந்தபோது, சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒரு பீகார்ப் பெண் அவரைப் பார்த்து ‘ஓடு’ என்று கத்தினாளாம். அவர் ஓடியிருக்கிறார். அவளை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

நீங்களும் பாடுங்கள். தட்டைத் தட்டுங்கள், கூச்சப்படாமல் மோசமாகப் பாடுங்கள். களைத்துப்போய் வருகிறவர்களை எழுப்பி நிற்க வைக்கப் பாட்டைப் போல வேறொன்று எனக்குத் தெரியாது. ஆனால் பாடி முடித்ததும் பாட்டை உடைத்து, நடுவிலிருந்து ஒரு வார்த்தையைக் கேட்டுப் பாருங்கள். அது உடனே வருகிறதா, முதல் வரியிலிருந்து நடந்து வருகிறதா என்று அவர்கள் உதட்டைப் பாருங்கள். நடந்து வந்தால் அவர்களுக்கு இன்னும் பாட்டுத்தான் தெரியும். பாட்டு வந்துவிட்டது என்பதால் மொழி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். ஒரு மனிதரின் இரண்டு விரல்கள் போயின.

தொண்டை சரியில்லாததால் போன வருஷத்தோடு வகுப்பை நிறுத்திவிட்டேன். மமதா இப்போது சென்னீர்குப்பம் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை பழக்குவது அவள் பொறுப்பு. கல்யாணமாகி, கணவனும் அங்கேயே வேலை செய்கிறான். போன மாதம் போன் செய்தாள். முருகேசன் பெரிய பெண்ணின் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததாகவும், மூன்று நாள் அங்கேயே தங்கிக் காய் நறுக்கியதாகவும் சொன்னாள். ஆனால் போனை எடுத்தவுடன் எனக்கு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. பாடியில் பிறந்து வளர்ந்த யாரோ ஒரு பெண் என்றுதான் நினைத்தேன்.

“இன்னா டீச்சர், நல்லா கீறீங்களா? ஊட்டாண்ட ஒரு நாள் வர்றேன்.”

இது எந்தப் பாட்டிலும் நான் எழுதாத தமிழ். தமிழாசிரியைக்கு நாக்கு நுனி வரை திருத்தம் வந்தது. விழுங்கிவிட்டு, நல்லா கீறேன், வாம்மா என்றேன்.